சம்பந்திகள் பூசிய கூரை

வெப்பத் திட்டத்தின் முதல் கூட்டத்துக்கு இயற்பியல் பேராசிரியை கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டார். போகாமல் இருப்பாரா? அவர் பல வருஷமாக ஒற்றை ஆளாய் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வேலைக்கு இப்போதுதான் பல்கலைக்கழகம் கண் திறந்திருந்தது. உலகம் முழுக்கக் கோடை நீண்டுகொண்டே போகிறது, தகரக் கூரைக்குக் கீழே குடியிருப்பவர்கள் பகலில் வீட்டுக்குள் இருக்க முடியாமல் தவிக்கிறார்கள், மின்சாரம் செலவழிக்காமல் அந்த வீடுகளைக் குளிர்விக்க வழி கண்டுபிடிக்க வேண்டும் என்பது திட்டம். ஒரு துறை மட்டும் செய்து முடிக்கிற காரியமில்லை என்பதால் பல துறைக்காரர்களை ஒரே அறையில் உட்கார வைத்திருந்தார்கள். பேராசிரியையிடம் ஏற்கெனவே ஒரு வெள்ளைப் பூச்சு தயாராக இருந்தது. வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும் பூச்சு. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிற நினைப்பில்தான் அவர் வந்து உட்கார்ந்தார்.

கதவைத் திறந்துகொண்டு அவருடைய சம்பந்தி உள்ளே வந்தார்.

பேராசிரியையின் மகளை மணந்திருப்பது இவருடைய மகன். இருவரும் இதே வளாகத்தில் படித்தபோது பழகி, பெற்றவர்களிடம் சொல்லி, சிக்கலில்லாமல் நடந்த கல்யாணம். சம்பந்தி நுண்கலைத் துறையில் ஓவியப் பேராசிரியர். இரண்டு வீட்டுக்கும் ஒரு குறையும் இல்லை, ஒரு சுவரைத் தவிர. சின்னஞ்சிறுசுகள் தனிக்குடித்தனம் போனபோது ஓவியர் தன் பரிசாக அவர்கள் பால்கனிச் சுவருக்கு அடர்நீலம் அடித்துக் கொடுத்தார். பார்க்க வந்த பேராசிரியை, நன்றாக இருக்கிறது, ஆனால் மத்தியானத்தில் அடுப்பாகக் கொதிக்குமே என்றார். உடனே ஓவியர், "வீடு பார்க்க வர்றவங்க தெர்மாமீட்டரோட வருவாங்கன்னு எனக்குத் தெரியாம போச்சு, சம்பந்தி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியையும் சிரித்தார். அன்றிலிருந்து இருவரும் கண்ணாடிப் பாத்திரத்தைக் கைமாற்றுகிற மாதிரி ஒருவரோடொருவர் அத்தனை ஜாக்கிரதையாகப் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளும் நிலவரம் புரிந்து, சனிக்கிழமை பெண்ணின் அம்மாவுக்கு, ஞாயிற்றுக்கிழமை பையனின் அப்பாவுக்கு என்று வருகையைப் பிரித்து வைத்துவிட்டார்கள்.

திட்டத்துக்குத் தலைவி பொதுச் சுகாதாரத் துறை டாக்டரம்மா. ஒல்லியான, வேகமாக நடக்கிற, எதையும் பாதி வாக்கியத்திலேயே புரிந்துகொள்கிற ஆள். இந்தக் குழுவில் ஓவியருக்கு என்ன வேலை என்று பேராசிரியை தனியாகக் கூப்பிட்டு நாசூக்காகக் கேட்டார். கூரையும் தெருவில் ஒரு பாகம்தான், அது கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஒருவர் வேண்டும் என்றார் டாக்டரம்மா. கூரையைக் காக்கையைத் தவிர யார் பார்க்கிறார்கள் என்று பேராசிரியைக்கு நாக்கு நுனிவரை வந்தது. சம்பந்தி விஷயம், மகள் வாழ்க்கை. விழுங்கிக்கொண்டார்.

முதல் சோதனை பல்கலைக்கழகத்தின் பின்பக்கத்துத் தெருவில் நடந்தது. அங்கே வரிசையாகத் தகரக் கூரை போட்ட சின்ன வீடுகள். எதிரே ஓர் ஐந்து மாடிக் குடியிருப்பு. வீட்டுக்காரர்கள் சம்மதித்து, எல்லாக் கூரைக்கும் வெள்ளைப் பூச்சு ஏறியது. உச்சி வெயிலில் வீட்டுக்குள் ஆறு டிகிரி குறைந்தது. ஆறு டிகிரி என்றால் சாமான்யமில்லை. வீட்டிலேயே துணி தைத்துப் பிழைக்கும் தையல்காரம்மா, மத்தியானத்திலும் இனி மெஷினை நிறுத்த வேண்டியதில்லை என்று சொன்னாள். பத்திரிகையில் படம் வந்தது. பேராசிரியை கூரைக்குப் பக்கத்தில் ஏணியில் நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு சிரித்தார். அந்த இடுக்கல் எதனால் என்று யாரும் யோசிக்கவில்லை. அவரும்தான்.

அடுத்த மாதமே கணக்கு இடித்தது. வீடுகளுக்குள் வைத்திருந்த கருவிகள் அனுப்பும் வெப்ப அளவு முதலில் ஒரு வீட்டில் ஏறியது, பிறகு பக்கத்து வீட்டில், அப்புறம் பாதி வரிசையில். கருவிதான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று பேராசிரியை முடிவு கட்டினார். நேரில் போய்ப் பார்க்கக் கிளம்பியபோது துணைக்கு வர ஓய்வாக இருந்தது ஓவியர் ஒருவர்தான்.

தெருவில் ஏணியைச் சாத்தினார்கள். பேராசிரியை ஏறினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஓவியர், மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சம்பந்தியம்மாவைக் கீழே தள்ளிவிட்ட பெயர் தனக்கு வேண்டாம் என்ற கவலை அவருக்கு உண்மையாகவே இருந்தது.

மேலே போன பேராசிரியை எட்டிப் பார்த்தார். கூரையில் அவருடைய வெள்ளையைக் காணவில்லை. பழைய தார்ப்பாய், கோணிச் சாக்கு, பிய்ந்த பாய், ஒரு வீட்டின் மேல் கழற்றிப்போட்ட மரக்கதவு. அடுத்த வீட்டில் யாரோ மிச்சம் மீதி இருந்த பழுப்பு பெயின்டை வெள்ளை மேலேயே அடித்திருந்தார்கள். திரும்பி எதிர்க் குடியிருப்பைப் பார்த்தார். அத்தனை ஜன்னலிலும் உட்பக்கம் செய்தித்தாள் ஒட்டியிருந்தது.

தையல்காரம்மா வெளியே வந்து, குற்றம் செய்தவள் மாதிரி தலையைச் சொறிந்தாள். அதற்குள் எதிர்க் கட்டடத்திலிருந்து ஓர் ஆள் இறங்கி வந்தார். கறுப்புக் கண்ணாடி. அதற்குக் கீழே நாள்கணக்காகத் தூங்காத முகம். ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை பார்க்கிற ஆண் நர்ஸ், பகலில் தூங்குகிறவர். அவர் இரண்டு பேரையும் தன் அறைக்கு அழைத்துப் போனார். ஜன்னல் தாள் ஓரமாகக் கிழிந்திருந்த இடத்தின் வழியே வெளிச்சம் பாய்ந்து, விட்டத்தில் டியூப்லைட் போட்ட மாதிரி பளிச்சென்று விழுந்துகொண்டிருந்தது.

"மேடம், உங்க பெயின்ட் ரொம்ப நல்லா வேலை செய்யுது," என்றார் நர்ஸ். "அவங்க வீட்டு வெயிலை அப்படியே எங்க வீட்டுக்கு அனுப்பிடுச்சு."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பேராசிரியை பதில் சொல்லியிருப்பார். அவரோ கொட்டாவியோடு சொன்னார். ஓரக்கண்ணால் சம்பந்தியைப் பார்த்தார். ஓவியர் சிரிக்கவில்லை; ஜன்னல் பக்கம் நின்று கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தார்ப்பாய் போடச் சொல்லி யாராவது சண்டைக்கு வந்தார்களா என்று கீழே இறங்கியதும் தையல்காரம்மாவிடம் விசாரித்தார்கள். அதெல்லாம் இல்லை என்றாள். தன் கணவருக்கு மூச்சுத் திணறியபோது தூக்கிக்கொண்டு ஓடியவர் இந்த நர்ஸ்தான் என்றும், அவர் தூக்கமில்லாமல் அலைவதைப் பார்க்கச் சகிக்காமல் தானே போட்டதாகவும் சொன்னாள். "தூங்காத ஆளு வார்டுல போய் யாருக்கு என்ன ஊசி போடுவாரோ, யாரு கண்டா," என்றாள்.

திரும்பி நடந்தார்கள். இதற்குத்தான் என்னைக் குழுவில் போட்டார்கள் என்று ஓவியரிடமிருந்து ஒரு வார்த்தை வரும் என்று வளாகத்து வாசல்வரை பேராசிரியை காத்திருந்தார். வரவில்லை. அதுவே அவருக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் கூட்டத்தில் ஓவியர் யோசனை சொன்னார். கூரைக்கு நிறம் கொடுக்கலாம். செங்கல் நிறம், இலைப் பச்சை, மண் நிறம். கண்ணைக் குத்தாது.

"ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு டிகிரி போகும், சம்பந்தி," என்றார் பேராசிரியை. "பச்சைன்னா அது வெயில்ல ஒரு பங்கைத் தின்னுதுன்னு அர்த்தம். நான் வருஷக்கணக்கா உழைச்சு ஒவ்வொரு டிகிரியா சேர்த்து வெச்சிருக்கேன். நீங்க அழகுக்காக அதைக் கரைக்கச் சொல்றீங்க."

"நான் அழகைப் பத்திப் பேசலை. அந்த ஆளோட தூக்கத்தைப் பத்திப் பேசறேன். இப்ப அந்த வீட்ல உங்க ஆறு டிகிரி எங்கே இருக்கு? தார்ப்பாய்க்கு அடியில."

இரண்டு பேரும் இவ்வளவு நாளும் காப்பாற்றி வந்த கண்ணாடிப் பாத்திரம் மேஜை மேல் விழுந்து உடைந்தது. டாக்டரம்மா, வெப்பத்தால் வருகிற நோயைத் தூக்கம் கெடுவது இன்னும் மோசமாக்கும் என்றும், ஒரு பக்கத்து வீடுகளைக் குளிரவைத்து எதிர்க் கட்டடத்தைத் தூங்கவிடாமல் செய்துவிட்டுத் தன்னால் அறிக்கை எழுத முடியாது என்றும் சொன்னார். சண்டை போட வேண்டுமானால் ஆய்வுக்கூடத்தில் போய்ப் போடுங்கள், வெளியே வரும்போது கையில் ஒரு பூச்சோடு வாருங்கள் என்று கூட்டத்தை முடித்துவிட்டார்.

ஓவியர் மறுவாரமே டப்பாக்களோடு இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் குடியேறினார். அங்கே வெயிலைப் போலவே ஒளி தரும் பெரிய விளக்கு ஒன்று இருந்தது. தகரத் துண்டுகளில் பூசி, விளக்குக்கடியில் வைத்து, எவ்வளவு சூடாகிறது என்று அளப்பார்கள். ஓவியர் முதலில் கலந்த பச்சை அத்தனை அருமையாக இருந்தது, மழைக்குப் பிறகு இலை இருக்கிற மாதிரி. விளக்குக்கடியில் அது தோசைக்கல்லாகக் காய்ந்தது. பேராசிரியைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறைத்துக்கொள்ளப் பார்த்தும் முடியவில்லை. வெள்ளையில் கொஞ்சம் சிவப்பைக் கலந்து பார்த்தார்கள். சூடு பரவாயில்லை, ஆனால் பல் டாக்டர் வீட்டுச் சுவர் மாதிரி ஒரு வெளிறிய ரோஜா நிறம். இதைத் தன் பெயரில் ஊர் பார்க்க விடமாட்டேன் என்றார் ஓவியர்.

இப்படியே நாட்கள் போயின. ஒரு காலையில் பேராசிரியைக்கே மனசு கேட்காமல், ஓவியர் வரும்முன் இரண்டு தகரங்களைத் தயார் செய்து வைத்தார். இரண்டும் கறுப்பு. எது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாத ஒரே கறுப்பு. விளக்கைப் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து ஓவியரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். முதல் தகரத்தைத் தொட்டதும் ஓவியர் விரலை உதறினார். இரண்டாவதில் கையை அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது.

"என்ன மாயம் இது?"

"மாயம் ஒண்ணும் இல்லை. வெயில்ல பாதிதான் நம்ம கண்ணுக்குத் தெரியுது. மீதிப் பாதி தெரியாத வெளிச்சம், ஆனா சூடு அதுலயும் இருக்கு. இந்தக் கறுப்பு ரெண்டையும் தின்னுது. அந்தக் கறுப்பு தெரிஞ்சதை மட்டும் தின்னுட்டுத் தெரியாததை விட்டுடுது. இது எனக்கு எப்பவோ தெரியும், சம்பந்தி. வெள்ளை இருக்கறப்போ இதுக்கு என்ன அவசியம்னு விட்டுட்டேன்."

ஓவியர் இரண்டு தகரத்தையும் மாறி மாறித் தொட்டார். வாழ்நாள் முழுக்க நிறத்தோடு புழங்கியவர். ஒரே நிறத்துக்குள் இரண்டு நிறம் ஒளிந்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சின்னப் பிள்ளை மாதிரி இன்னொரு தரம் விளக்கைப் போடச் சொன்னார். தன் துறையிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து தொட்டுக் காட்டினார். சாயங்காலம் போனவர், மறுநாள் தன் கிடங்கிலிருந்த நிறப்பொடிகளை எல்லாம் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் எது நல்லது, எது கெட்டது என்று ஒவ்வொன்றாக அளந்து தரச் சொல்லிப் பேராசிரியையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அளந்ததில் சில நல்ல பொடிகள் தேறின. ஆனால் வெள்ளையோடு கலந்தால் வெளிறியது, தனியாகப் பூசினால் தகரம் வரை சூடு இறங்கியது. இங்கேதான் ஓவியர் கை கொடுத்தார். எதற்காகக் கலக்க வேண்டும் என்று கேட்டார். அவர்கள் தொழிலில் முதலில் வெள்ளையைப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாக நிறத்தை ஏற்றுவதுண்டு. நிறம் மேலே நிற்கும், வெளிச்சம் அடியிலிருக்கும் வெள்ளைவரை போய்த் திரும்பும். பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். தெரியாத வெளிச்சம் அந்த மெல்லிய நிறத்தைத் தாண்டிப் போய், அடியில் அவருடைய வெள்ளையில் மோதித் திரும்பிவிடும். தெரிகிற வெளிச்சம் மட்டும் மேலே செங்கல் நிறமாக நின்றுவிடும். தன் வெள்ளை எங்கும் போகவில்லை, அடியில் பத்திரமாக இருக்கிறது என்று புரிந்ததும் அவருக்கு உடம்பெல்லாம் லேசானது. டீ வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனார். அவர் யாருக்கும் டீ வாங்கி வந்து அந்த ஆய்வுக்கூடம் பார்த்ததில்லை.

இந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை மகள் வீட்டுக் கதவைத் திறந்தவள் திகைத்து நின்றாள். வாசலில் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் மாமனார், இருவர் கையிலும் அளவுக் கருவி. உள்ளே வந்தவர்கள் பிள்ளைகள் நலமா என்றுகூடக் கேட்காமல் நேராகப் பால்கனிக்குப் போனார்கள். நீலச் சுவரை அளந்து பார்த்துவிட்டு, எதிரே உள்ள கட்டடத்தின் நிழல் பகல் முழுக்க விழுவதால் இந்தச் சுவருக்கு எந்த நிறம் அடித்தாலும் ஒன்றுதான் என்று பேராசிரியை அறிவித்தார்.

"அப்ப அன்னிக்கு நான் சொன்னது தப்புதான், சம்பந்தி," என்றார்.

ஓவியர் பெருந்தன்மையாகக் கையை அசைத்து, வெயில் படுகிற சுவராக இருந்திருந்தால் அவர் சொன்னதுதான் சரி என்றார். மாப்பிள்ளை சமையலறைக்குள் போய் மனைவியிடம், இவர்கள் இரண்டு பேருக்கும் உடம்பு ஏதாவது சரியில்லையா என்று ரகசியமாகக் கேட்டார்.

இரண்டாம் சோதனைக்கு முன் டாக்டரம்மா தெருவில் ஒரு கூட்டம் போட்டார். தகர வீட்டுக்காரர்களோடு எதிர்க் குடியிருப்பிலிருந்தும் ஆட்களைக் கூப்பிட்டிருந்தார். கூரைக்குக் கீழே இருப்பவருக்கு அது கண்ணில் படாது, பார்க்கப்போகிறவர் எதிர் மாடியில் இருப்பவர்தானே. ஓவியர் பூசிய தகரத் துண்டுகளைப் பரப்பி வைத்ததும் கலகலப்பாகிவிட்டது. எல்லோருக்கும் செங்கல் நிறமே வேண்டும் என்று ஒரு கட்சி, வரிசையாக மாற்றி மாற்றி அடிக்கலாம் என்று இன்னொரு கட்சி. நர்ஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு தகரத்தையும் வெயிலில் சாய்த்துப் பார்த்தார். தன் ஜன்னலுக்கு நேர் எதிரே உள்ள தையல்காரம்மா கூரைக்கு அந்தப் பச்சை நன்றாயிருக்கும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள், உள்ளே ஜிலுஜிலுவென்று இருந்தால் மேலே எந்த நிறமானாலும் தனக்குச் சம்மதம் என்றாள். செடி மாதிரி இருக்கட்டும், தண்ணி ஊத்த வேண்டியதில்லையே என்றும் சேர்த்துக்கொண்டாள்.

பூசி முடித்தார்கள். கோடை முழுக்க அளந்தார்கள். வீட்டுக்குள் நாலு டிகிரி குறைந்தது. கருவிகள் காட்டிய அளவு இந்த முறை ஏறாமல் நின்றது. ஒரு கூரையிலும் தார்ப்பாய் இல்லை. எதிர் மாடியில் ஜன்னல் தாள்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பக்கத்துத் தெருக்காரர்கள் தங்களுக்கு எப்போது என்று டாக்டரம்மாவை வழிமறித்துக் கேட்க ஆரம்பித்தார்கள்.

பல்கலைக்கழக மன்றத்தில் முடிவை எடுத்துச் சொல்ல வேண்டிய நாள் வந்தது. பேராசிரியைக்கு அந்த நாலை எப்படிச் சொல்வது என்பதுதான் கவலை. ஆறு என்று பத்திரிகையில் வந்துவிட்டது. இப்போது எழுந்து நாலு என்றால் பின்னுக்குப் போனதாகத்தானே நினைப்பார்கள்? மேடைக்குப் போகுமுன் ஓவியரிடம் இதைச் சொன்னார். ஓவியர் தானும் எத்தனையோ படங்களை வீட்டில் யாரும் மாட்டமாட்டார்கள் என்று தெரிந்தே வரைந்ததாகவும், அவையெல்லாம் இப்போது கிடங்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதாகவும் சொன்னார். ஆறுதல் சொல்கிறாரா, தன் குறையைச் சொல்கிறாரா என்று பேராசிரியைக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரிப்பு வந்தது.

மேடையில் அவர் நாலு என்றே சொன்னார். முதலில் ஆறு கிடைத்ததையும், அது எப்படித் தார்ப்பாய்க்கு அடியில் போனது என்பதையும், நர்ஸ் சொன்ன வார்த்தையையும் ஒளிக்காமல் சொன்னார். அரங்கம் சிரித்தது. அவர் பயந்த சிரிப்பு அது இல்லை. வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்திருந்த ஆய்வாளர்களில் ஒருவர் எழுந்து, தங்கள் ஊரிலும் வெள்ளைக் கூரைகளைப் பிறகு யாரோ மூடிவிடுகிறார்கள், காரணம் இதுவரை புரியவில்லை, அந்த மெல்லிய நிறப்பூச்சை எப்படிச் செய்வது என்று கேட்டார். பேராசிரியை மேடையிலிருந்தபடியே, அதை என் சம்பந்தி சொல்வார் என்று கையை நீட்டிவிட்டார். அப்புறம்தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வெளிநாட்டு ஆய்வாளர் சம்பந்தி என்பது ஏதோ பதவி என்று நினைத்து மரியாதையாகக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மகளுக்குத்தான் கஷ்டம். முன்னே சனிக்கு ஒருவர், ஞாயிறுக்கு ஒருவர் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது இரண்டு நாளும் இரண்டு பேரும் வந்து, சாப்பாட்டு மேஜையில் நிறப்பொடியைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பழைய மாதிரியே கோபமாக இருந்திருக்கலாம் என்று அவள் கணவனிடம் புலம்பினாள்.

போன வாரம் நகரப் போக்குவரத்துக் கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. பேருந்துகளின் கூரைக்கு அடிக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பணிமனையில் ஒரு பேருந்தின் மேல் இரண்டு பேரும் ஏறி நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஓவியர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மேம்பாலத்தில் போகிறவர்கள் மேலிருந்து பார்ப்பார்கள், அதனால் மஞ்சள்தான் என்றார்.

"மஞ்சளா? ஒரு டிகிரி போயிடும், சம்பந்தி."

"அரை டிகிரி."

"ஒண்ணு. வேணும்னா அளந்து காட்டறேன்."

பணிமனைக்காரர் கீழே நின்று, சண்டையை விலக்க வேண்டுமா என்று டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா பேருந்தின் நிழலில் ஒரு டயர் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டு, வேலை ஆரம்பித்துவிட்டது, நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்றார்.